சட்டம் யாருடைய சொத்து?

"பசித்தவனுக்கு வேண்டியது சோறு, சட்டமூலத்தின் பிரதி எதற்கு?"

அண்மையிலே எங்கள் பாடசாலையின் ஆசிரியர் அறையில் நண்பர் ஒருவர் என்னிடம் இவ்வாறு கேட்டார். ஆபிரிக்க நாடுகள் சிலவற்றிலே சட்டமூலங்களையும், பாராளுமன்ற விவாதங்களையும், அங்கத்தவர் அளித்த வாக்குகளையும் இணையத்தின் வாயிலாகப் பொதுமக்கள் முன் வைக்கும் முயற்சிகள் நடைபெறுவதை நான் உயர்வகுப்பு மாணவர்க்கு எடுத்துக் கூறியிருந்தேன். அது நண்பர் காதுக்கு எட்டிவிட்டது. அவர் சாதாரணமானவரல்லர். தொழிற்சங்கத்திலே பல்லாண்டு உழைத்தவர். வேலைநிறுத்தக் காலத்திலே சம்பளத்தை இழந்தவர். உலக அரசியலைக் கூர்ந்து கற்பவர். ஆகவே அவர் கேள்வியை நகைத்துத் தள்ளிவிட முடியாது. அது ஒரு தனிமனிதரின் கேள்வியுமன்று. நம் முற்போக்காளரிடையே பரவலாக நிலவும் ஒரு மனப்பான்மையின் குரல் அது. அம்மனப்பான்மை தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும் என்பதே என் வாதம்.

நண்பரின் கருத்தை முதலிலே நேர்மையாக எடுத்துரைத்தல் வேண்டும். பாராளுமன்றம் ஆளும் வர்க்கத்தின் கருவி. அது இயற்றும் சட்டத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினாலும் இரும்புப் பெட்டியில் பூட்டி வைத்தாலும் அதன் தன்மை மாறாது. கணினியும் கைத்தொலைபேசியும் கொண்டு சட்டத்தை வெளிப்படையாக்குவோம் என்பவர் மேல்நாட்டு நன்கொடை நிறுவனங்களின் பணத்திலே வாழ்பவர். அவர்கள் வறுமையைத் தொடாது வறுமையின் மேலுள்ள தூசியைத் துடைக்கிறார்கள். இதுவே அவருடைய கருத்தின் சாரம். இதில் உண்மை சிறிதும் இல்லையென்று நான் கூறவில்லை. ஆனால் உண்மையின் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு முழு உண்மையையும் மறுப்பது விஞ்ஞான நோக்காகாது.

சோறும் சட்டமும் வேறு வேறானவையா? மொசாம்பிக் நாட்டு மக்களைக் கேட்டுப் பார்க்கட்டும். 2013, 2014ஆம் ஆண்டுகளிலே அந்நாட்டு அரசுடன் தொடர்புடைய மூன்று கம்பெனிகள் வெளிநாட்டு வங்கிகளின் வாயிலாக ஏறத்தாழ 200 கோடி டொலரைக் கடனாகப் பெற்றன. அவற்றுள் ஒன்று சூரை மீன் பிடிப்பதற்கென்று தொடங்கப்பட்டது. கம்பெனிகள் கடனைத் தீர்க்காவிடில் அரசே தீர்க்கும் என்று நிதி மந்திரியாயிருந்த மனுவேல் சாங் உத்தரவாதம் அளித்தார். பாராளுமன்றத்தின் அனுமதி பெறப்படவில்லை. கடனின் பெரும்பகுதி மக்களுக்கு மறைக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டிலே உண்மை வெளிவந்தபோது சர்வதேச நாணய நிதியமும் உதவி நாடுகளும் தம் உதவியை நிறுத்தின. நாணயத்தின் பெறுமதி வீழ்ந்தது. பொருள்களின் விலை ஏறியது. நாட்டின் அரசியலமைப்புச் சபை அவ்வுத்தரவாதங்களை 2019, 2020ஆம் ஆண்டுகளிலே செல்லாதவையென்று தீர்த்தது. 2024 ஓகஸ்ட் மாதத்திலே நியூயோர்க் நீதிமன்றமொன்றில் சாங் குற்றவாளியெனக் காணப்பட்டார்.

கையெழுத்து இரகசியமாக இடப்பட்டது. விலையேற்றத்தை மாத்திரம் எல்லோரும் பகிரங்கமாகச் சுமந்தார்கள். சந்தையிலே அரிசியின் விலையைக் கேட்டுத் திகைத்து நின்ற தாய்க்கும், எவருக்கும் காட்டப்படாத அந்தக் காகிதத்துக்கும் தொடர்பில்லையென்று நண்பர் கூறுவாரா? பசித்தவனின் சோறு அடுப்படியில் மாத்திரம் தீர்மானிக்கப்படுவதில்லை. அது வரிச் சட்டத்திலும், வரவு செலவுத் திட்டத்திலும், கடன் பத்திரத்திலும் தீர்மானிக்கப்படுகிறது. அவற்றை வாசிக்கும் உரிமையைக் கேட்பது சோற்றைக் கேட்பதன் முதற்படியாகும்.

இனிக் கென்யாவுக்கு வருவோம். 2024ஆம் ஆண்டின் நிதிச் சட்டமூலம் புதிய வரிகளால் 34,600 கோடி ஷில்லிங்கைத் திரட்ட முனைந்தது. பாணுக்கு 16 சதவீதப் பெறுமதி சேர் வரி. மோட்டார் வாகனங்களுக்கு அவற்றின் பெறுமதியில் 2.5 சதவீதம் ஆண்டு வரி. தாவர எண்ணெய்க்கு 25 சதவீதத் தீர்வை. கடன்காரரின் நெருக்குதலும் நாணய நிதியத்தின் நிபந்தனைகளும் இதன் பின்னணியில் நின்றன. முன்னைய காலமாயின் இத்தகைய சட்டமூலம் சட்டத்தரணிகளுக்கும் கணக்காளருக்கும் மட்டுமே விளங்கும் மொழியில் அச்சாகி, வாக்கெடுப்பு முடிந்தபின்னரே கடைத்தெருவிலே தன் முகத்தைக் காட்டியிருக்கும். இம்முறை அவ்வாறு நிகழவில்லை. இளைஞர் அதனை இணையத்திலிருந்து எடுத்தனர். வாசகம் வாசகமாகப் பிரித்தனர். சுவாகிலியிலும் தத்தம் தாய்மொழிகளிலும் விளக்கினர். டிக்டொக்கிலும் வாட்ஸ்அப்பிலும் பரப்பினர். சட்டமூலத்தைப் பற்றிக் கேட்டால் எளிய மொழியிலே விடை கூறும் செயற்கை நுண்ணறிவுக் கருவியொன்றையும் சிலர் ஆக்கி வெளியிட்டனர். தம் தொகுதி அங்கத்தவரின் தொலைபேசி இலக்கத்தைத் தேடி அவரிடமே கேள்வி தொடுத்தனர்.

விளைவு யாது? யூன் 18ஆம் திகதி பாண் வரியும் வாகன வரியும் கைவிடப்பட்டன. எஞ்சிய சட்டமூலத்தை 25ஆம் திகதி பாராளுமன்றம் 195க்கு 106 என்ற வாக்குகளால் நிறைவேற்றியது. அன்றே மக்கள் பாராளுமன்றக் கட்டடத்தினுள் புகுந்தனர், பொலிசார் சுட்டனர். மறுநாள் ஜனாதிபதி வில்லியம் ரூட்டோ சட்டமூலத்திலே கையொப்பமிட மறுத்தார். யூலை தொடக்கத்திலே, அதுவரை 39 பேர் இறந்துவிட்டதாக அந்நாட்டின் தேசிய மனித உரிமை ஆணைக்குழு அறிவித்தது.

இந்த 39 உயிர்களை நினைக்கும் எவரும் இதைக் கணினி விளையாட்டு என்று கூறத் துணியார். கைத்தொலைபேசி புரட்சி செய்ததென்று நான் கூறவரவில்லை. புரட்சியும் நிகழவில்லை, ரூட்டோவின் ஆட்சி தொடர்ந்தது. ஆனால் வீதிக்கு வந்தவர் தாம் எதனை எதிர்க்கிறோம் என்பதை வாசக இலக்கத்துடன் அறிந்து வந்தனர். வதந்தியால் திரண்ட கூட்டத்தைக் கலைத்துவிடலாம். வாசித்துத் திரண்ட கூட்டத்தைக் கலைப்பது எளிதன்று.

இதனை நம் நண்பர் உணராவிட்டாலும் அதிகார வர்க்கம் உணர்ந்துகொண்டது. அடுத்த ஆண்டின் நிதிச் சட்டமூலம் வந்தபோது நைரோபியிலே ஓர் இளம் பெண் மென்பொருள் வல்லுநர் சிறியதோர் இணையப் பக்கத்தை அமைத்தார். சட்டமூலத்திலே எதிர்ப்புக்குரிய வாசகங்களை அது எடுத்துக் காட்டியது. அத்துடன், ஒரு பொத்தானை அழுத்தியதும் அவ்வெதிர்ப்பு மின்னஞ்சலாகப் பாராளுமன்றத்துக்குச் செல்லவும் வழி செய்தது. அவ்வளவே. கென்யாவின் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பு, அதன் 118ஆம் உறுப்புரையிலே, சட்டவாக்கத்திற் பொதுமக்கள் பங்குபற்ற வழிசெய்தல் பாராளுமன்றத்தின் கடமையென்று விதித்துள்ளது. அந்தக் கடமையைச் சம்பளமின்றிச் செய்தவருக்குக் கிடைத்த பரிசு யாது? 2025 மே 30ஆம் திகதி அவர் கைதுசெய்யப்பட்டார். நான்கு நாட்கள் கழித்தே நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார். 2018ஆம் ஆண்டின் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ், கணினி முறைமையொன்றிலே அனுமதியின்றித் தலையிட்டார் என்பது குற்றச்சாட்டு. குடிமகன் தன் பிரதிநிதிக்குக் கடிதம் எழுதுவது தலையீடாம்! யூன் 20ஆம் திகதி நீதிமன்றம் அக்குற்றச்சாட்டைத் தள்ளுபடி செய்தது.

மனுநீதிச் சோழனின் ஆராய்ச்சி மணியை நாம் வகுப்பிலே ஆண்டுதோறும் கற்பிக்கிறோம். குறையுடைய பசு அதனை அசைத்ததாம். அரசன் இறங்கி வந்தானாம். மணியைக் கட்டியவன் அரசன். ஆகவே புகழும் அவனுக்கே. மணியை மக்களே கட்டினால் என்ன நிகழும் என்பதை நைரோபி நமக்குக் கூறிவிட்டது. பயனற்ற பொம்மையென்றால் அதனைச் செய்தவரைச் சிறையில் அடைப்பானேன்? எதிரி எதற்கு அஞ்சுகிறான் என்பதிலிருந்து நாம் நம் ஆயுதத்தின் கூர்மையை அறியலாம்.

இவையெல்லாம் மேல்நாட்டார் இறக்குமதி செய்த சரக்கு என்னும் கூற்றையும் ஆராய்வோம். கென்யாவிலே 'ம்சலெண்டோ' என்னும் இணையத்தளத்தை 2005ஆம் ஆண்டிலே தொடங்கியவர்கள் ஓரி ஒகொல்லோ, கொன்ராட் அகுங்கா என்னும் இரு இளம் கென்யர். அச்சொல்லுக்குச் சுவாகிலியிலே தேசபக்தர் என்பது பொருள். பாராளுமன்றம் தன் இணையத்தளத்திலே அங்கத்தவரின் கல்வி, தொழில் விபரங்களை வெளியிட்டபோது அங்கத்தவர் சிலர் சினங்கொண்டனர், தளம் மூடப்பட்டது. அரசு மூடிய கதவைக் குடிமக்கள் வேறு பக்கத்தாலே திறந்தனர். யார் என்ன பேசினார், யார் வாய் திறவாதிருந்தார் என்பதை அன்றுதொட்டு அவர்கள் தொகுத்து வந்தனர்.

தென்னாபிரிக்காவிலே நிறவெறி ஆட்சி வீழ்ந்தபின் பாராளுமன்றக் குழுக்களின் கதவுகள் திறந்தன. ஆனால் அக்குழுக்களிலே பேசப்படுவதற்கு உத்தியோகபூர்வமான முழுப் பதிவு இருக்கவில்லை. சட்டத்தின் உண்மையான உருவம் சபையிலன்று, குழுவிலேயே வார்க்கப்படுகிறது என்பதைப் பாராளுமன்றம் அறிந்தோர் அறிவர். ஆகவே 1995ஆம் ஆண்டிலே பாராளுமன்றக் கண்காணிப்புக் குழு என்னும் அமைப்புத் தோன்றி, குழுக் கூட்டங்களிலே அமர்ந்து குறிப்பெடுத்து, அவற்றை வெளியிடும் பணியை மேற்கொண்டது. அங்கு மக்களின் பங்கு வெறும் சம்பிரதாயமன்று. 2006ஆம் ஆண்டிலே அரசியலமைப்பு நீதிமன்றம் ஒரு புகழ்பெற்ற வழக்கில், மாகாணங்களின் தேசிய சபை பொதுமக்களின் பங்குபற்றலுக்கு உரிய வழி செய்யவில்லை என்ற காரணத்தினால் இரண்டு சட்டங்களைச் செல்லாதவையென்று தீர்த்தது. மக்களைக் கேளாது செய்த சட்டம் சட்டமாகாது என்னும் நெறியை ஐரோப்பாவிடம் இரவல் பெறாமலே ஆபிரிக்க நீதிமன்றமொன்று நிலைநாட்டியது.

இன்னொன்றையும் கூறுவேன். சட்டத்தை வாசிக்க முயன்ற எவருக்கும் ஓர் அனுபவம் உண்டு. திருத்தச் சட்டமொன்றை எடுத்தால், "முதன்மைச் சட்டத்தின் இன்ன பிரிவிலே, இன்ன சொற்களை நீக்கி, இன்ன சொற்களைச் சேர்க்க" என்று மட்டும் இருக்கும். முதன்மைச் சட்டம் வேறோரிடத்தில். அதற்குமுன் வந்த ஐந்து திருத்தங்கள் வேறு ஐந்து வர்த்தமானிகளில். எல்லாவற்றையும் மேசையிலே பரப்பி வைத்து ஒட்டுப்போட்டாலன்றி இன்று நடைமுறையிலுள்ள சட்டம் யாதென்று அறிய முடியாது. சட்டத்தை அறியாமை மன்னிப்புக்குரிய காரணமன்று என்று நீதிமன்றம் ஏழைக்குக் கூறும். ஆனால் அறியும் வழியை அரசு அவனுக்குக் காட்டாது. இச்சிக்கலைத் தீர்ப்பதற்கென ஐக்கிய நாடுகள் சபையின் திட்டமொன்றின் கீழ் ஆபிரிக்கப் பாராளுமன்றங்களுக்காக ஒரு முறை வகுக்கப்பட்டது. சட்டத்தின் ஒவ்வொரு பிரிவுக்கும் உட்பிரிவுக்கும் கணினி அறியக்கூடிய அடையாளம் இடப்படும். எந்தத் திருத்தம் எந்தச் சொல்லை எந்நாளில் மாற்றியது என்பது பதிவாகும். குறித்த ஒரு திகதியிலே அச்சட்டம் எவ்வாறு இருந்தது என்பதைக் கணினி கோத்துக் காட்டும். இம்முறைக்கு 'அகோமா ந்தோசோ' என்று பெயரிட்டனர். கானா நாட்டு அகான் மொழியிலே பிணைந்த இதயங்கள் என்பது அதன் பொருள். 2018ஆம் ஆண்டிலே அது சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது; ஐரோப்பியப் பாராளுமன்றமும் அதனைக் கையாள்கிறது. ஆபிரிக்காவின் தேவைக்கெனப் பிறந்ததை ஐரோப்பா இரவல் பெற்றிருக்க, நாம் ஆபிரிக்கரை இரவலர் என்கிறோம். இது எவ்வகை ஏகாதிபத்திய எதிர்ப்பு?

இவ்வளவும் கூறியபின் மறுபுறம் திரும்ப வேண்டியிருக்கிறது. ஏனெனில் நண்பருக்கு நேரெதிர்த் திசையிலே இன்னொரு கூட்டம் உண்டு. எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிட்டால் ஜனநாயகம் தானே மலர்ந்துவிடும் என்று நம்பும் இயந்திர பக்தர் கூட்டம் அது. அவர்களுக்குத் துனீசியா விடை கூறும். 2011ஆம் ஆண்டின் எழுச்சிக்குப்பின் அங்கு 2012இல் 'அல் பவ்ஸலா' என்னும் அமைப்புத் தோன்றியது. திசையறி கருவி என்பது அதன் பொருள். அரசியல் நிர்ணய சபையின் ஒவ்வொரு வாக்கெடுப்பையும், ஒவ்வோர் அங்கத்தவரின் வரவையும் அது உடனுக்குடன் பதிவு செய்தது. அரபுலகிலே அதுவரை காணாத பகிரங்கம் அது. ஆனால் 2021 யூலை 25ஆம் திகதி ஜனாதிபதி கைஸ் சயீத் பாராளுமன்றத்தை இடைநிறுத்தினார், 2022 மார்ச்சில் அதனைக் கலைத்தார், ஆணைகளால் ஆண்டார். அவ்வாணைகளுள் ஒன்றாகிய 2022ஆம் ஆண்டின் 54ஆம் இலக்க ஆணை, பொய்ச் செய்தியைத் தடுத்தல் என்னும் பெயரால் விமர்சகரைச் சிறைக்கு அனுப்ப உதவியது. திசையறி கருவி பழுதின்றி இருந்தது. கப்பலையே பறித்துக்கொண்டார்கள். அமைப்பாகத் திரண்ட மக்கள் பின்னே நில்லாவிடின் கண்ணாடிச் சுவரை உடைப்பதற்கு ஒரு கல் போதும்.

மேலும், யாருடைய கைக்கு இந்தக் கருவி எட்டுகிறது? 2024ஆம் ஆண்டிலே ஆபிரிக்க மக்களுள் இணையத்தைப் பயன்படுத்தியோர் நூற்றுக்கு 38 பேர் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணிப்பு. எஞ்சிய 62 பேரின் பெயரால் யார் மின்னஞ்சல் அனுப்புவது? எட்டியவர் கையையும் தட்டிவிட்ட அரசுகள் உண்டு. உகண்டாவிலே 2018 யூலை முதல் சமூக ஊடகங்களைப் பயன்படுத்த நாளொன்றுக்கு 200 ஷில்லிங்கு வரி விதிக்கப்பட்டது. பேசுவதற்குத் தலைவரி! தன்சானியாவிலே 2016ஆம் ஆண்டிலே, செலவு மிகுதியென்று காரணங்காட்டி, பாராளுமன்ற அமர்வுகளை அரச தொலைக்காட்சி நேரடியாக ஒளிபரப்புவது நிறுத்தப்பட்டது. மந்திரிகளின் வாகனங்களுக்கு இல்லாத சிக்கனம் மக்களின் கண்களுக்கு மட்டும் ஏன் தேவைப்பட்டது?

இவற்றுக்கெல்லாம் மேலானது மொழிப் பிரச்சினை. ஆபிரிக்காவின் சட்டங்களுட் பெரும்பாலானவை இன்னும் ஆங்கிலத்திலும், பிரெஞ்சிலும், போர்த்துக்கேயத்திலுமே எழுதப்படுகின்றன. செனகல் நாட்டிலே மக்கள் சந்தையிற் பேசுவது வொலொவ். அவர்களை ஆளும் சட்டம் பேசுவது பிரெஞ்சு. அச்சட்டத்தைப் பளிங்குபோன்ற திரையிலே காட்டினாலும் அது இருட்டே. தன்சானியா 2021ஆம் ஆண்டிலே சுவாகிலியைச் சட்டங்களின் மொழியாக்கும் திருத்தத்தை நிறைவேற்றியது. நேரடி ஒளிபரப்பை நிறுத்திய நாடே இதனையும் செய்தது என்பது வரலாற்றின் முரண். எனினும் ஆயிரம் இணையத்தளங்களைக் காட்டிலும் இத்தகைய ஒரு மாற்றம் ஆழமானது. மொழியுரிமைக்காகப் போராடிய நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

அப்படியாயின் நாம் கோரவேண்டியது யாது? சட்டமூலம் வாக்கெடுப்புக்கு முன்னரே, வாசித்து விவாதிக்கப் போதிய கால அவகாசத்துடன், மக்களின் மொழிகளிலே வெளிவரல் வேண்டும். இணையத்தில் மட்டுமன்றி வானொலியிலும், நூல்நிலையத்திலும், கிராமக் கூட்டத்திலும் அது கிடைத்தல் வேண்டும். குழுவிலே செய்யப்படும் திருத்தம் ஒவ்வொன்றும், அதனைக் கொண்டுவந்தவரின் பெயருடன் தெரிதல் வேண்டும். வாக்கு ஒவ்வொன்றும் பெயருடன் பதிவாதல் வேண்டும். கடன் உடன்படிக்கைகள் சட்டத்தோடு ஒருங்கே வெளிவரல் வேண்டும். இல்லையேல் நாடகத்தைக் காட்டிவிட்டு நாடக ஆசிரியனை மறைத்ததாகவே முடியும். வாசிப்போனையும் வாசிக்க உதவுவோனையும் குற்றவாளியாக்கும் கணினிச் சட்டங்கள் நீங்குதல் வேண்டும். இக்கோரிக்கைகளை இயந்திரம் எழுப்பாது. தொழிற்சங்கமும், மாணவர் இயக்கமும், விவசாயிகள் சங்கமுமே எழுப்பும். இயந்திரம் அவர்களின் குரலை ஓரூரிலிருந்து ஒன்பதூருக்குக் கொண்டு செல்லும். அதன் இடம் அதுவே. அதற்குக் குறைவுமன்று, கூடுதலுமன்று.

நண்பருக்கு இறுதியாக ஒன்று. வர்த்தமானியும் ஹன்சாட்டும் பிரித்தானியர் கென்யாவுக்கும் நமக்கும் ஒருங்கே விட்டுச் சென்ற சொத்துக்கள். அச்சொத்துக்களோடு வந்த நோய்களும் பொதுவானவை. 2024 சனவரி 24ஆம் திகதி நம் பாராளுமன்றத்திலே நிகழ்நிலைக் காப்புச் சட்டமூலம் 108க்கு 62 என்ற வாக்குகளால் நிறைவேறியது. உயர் நீதிமன்றம் விதித்த திருத்தங்கள் யாவும் அதிலே சேர்க்கப்பட்டனவா என்ற சர்ச்சை அதன்பின் எழுந்தது. அன்று நம் ஆசிரியர் அறையில் எத்தனை பேர் அச்சட்டமூலத்தை வாசித்திருந்தோம்? தமிழ்ப் பட்டதாரியாகிய நான் வாசித்திருக்கவில்லை. சங்கச் செய்யுளின் அருஞ்சொற்களுக்கு உரை தேடி இரவெல்லாம் விழித்திருந்த எனக்கு, என் வாயைக் கட்டக்கூடிய சட்டத்தின் வாசகத்தைத் தேட நேரமிருக்கவில்லை. நைரோபியின் இளைஞர் என்னை நாணச் செய்தது அதனாலேதான்.

ஆகவே இம்முறை தவணை தொடங்கியதும் உயர்வகுப்பு மாணவரிடம் ஒரு சட்டமூலத்தின் தமிழ்ப் பிரதியைக் கொடுத்தேன். செய்யுளுக்குச் செய்வதுபோலவே பதம் பிரித்து, பொருள் கூறி, இதனால் யாருக்கு நன்மை, யாருக்குத் தீமை என்று எழுதிவரப் பணித்தேன். முதலில் முணுமுணுத்தார்கள். இரண்டாம் வாரத்திலே ஒரு மாணவி எழுந்து, "சேர், இந்தப் பிரிவிலே 'மந்திரி தகுந்ததெனக் கருதினால்' என்று இருக்கிறது. எது தகுந்தது என்று எங்கும் சொல்லவில்லையே?" என்று கேட்டாள்.

நண்பரே, இக்கேள்வியை ஒரு நாட்டின் இளைஞர் எல்லோரும் கேட்கத் தொடங்கும் நாளை எண்ணிப் பாருங்கள். சோற்றுக்கான போராட்டம் அன்று பின்னடையுமா, முன்னேறுமா?